புள்ளி ஒன்று, கோலம் வேறு

எங்கள் அம்மாவுக்கு மாத்திரையை அட்டையில் விட்டுவைக்கப் பிடிக்காது. மாதம் பிறந்ததும் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, மூன்று எவர்சில்வர் டப்பாக்களில் பிரித்துப் போட்டுவிடுவார். காலை டப்பா, ராத்திரி டப்பா, நெஞ்சு டப்பா. மூன்றும் அடுப்பங்கரைப் பலகையில், குக்கர் ஆவி தவறாமல் படுகிற உயரத்தில் நிற்கும். மறக்காமல் சாப்பிட அதுதான் தோதான இடமாம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது நெஞ்சு டப்பாவைத் திறந்தேன். குப்பென்று ஊறுகாய் வாடை.

“என்னம்மா இது, வினிகர் மாதிரி அடிக்குது?”

“அது மாத்திரை வாசனைடி. ரெண்டு மூணு மாசமாவே அப்படித்தான் இருக்கு.”

உள்ளே இருந்தது 75 மில்லிகிராம் ஆஸ்பிரின். பழசு தீருமுன் புதுசை மேலே கொட்டிவிடுவதால், அடியில் கிடந்தவை எந்த மாதத்துச் சரக்கு என்று அம்மாவுக்கே தெரியவில்லை. மொத்தத்தையும் குப்பையில் கொட்டப் போனபோதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: “மருந்து அதே மருந்துதானே, டப்பா மாறினா என்ன?”

நான் பி.ஃபார்ம் படித்தவள். படித்து முடித்ததும் நாலு வருஷம் மாத்திரை செய்யும் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அப்படியும் அம்மாவுக்கு அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை. “வாடை அடிச்சா சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான்” என்று முடித்துவிட்டேன். ரயிலில் திரும்பி வரும்போது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இந்த நீளப் பதிவு.

முதலில் அந்த வாடை. ஆஸ்பிரின் என்பது சாலிசிலிக் அமிலத்தின் மேல் ஒரு அசெட்டைல் தொகுதியை ஒட்டவைத்த பொருள். தண்ணீர் பட்டால் அந்த ஒட்டு விடும். ஒரு பக்கம் சாலிசிலிக் அமிலம், மறுபக்கம் அசெட்டிக் அமிலம். இரண்டாவதுதான் வினிகரில் இருப்பது. நீராற்பகுப்பு என்று பிளஸ் டூவில் படித்திருப்பீர்கள். தண்ணீர் என்றால் டம்ளரில் ஊற்றும் தண்ணீர்தான் வேண்டும் என்பதில்லை, குக்கர் ஆவியே போதும். அம்மாவின் இதயத்துக்கு வேண்டியது அந்த அசெட்டைல் தொகுதிதான். இரத்தத் தட்டணுக்களில் இருக்கும் நொதியில் அது போய் ஒட்டிக்கொள்வதால்தான் இரத்தம் எளிதில் கட்டுவதில்லை. அது கழன்று காற்றில் போய்விட்டால், டப்பாவில் மிஞ்சுவது வயிற்றைப் புண்ணாக்க மட்டும் நன்றாகத் தெரிந்த ஒரு பொருள்.

எவ்வளவு வேகத்தில் கழலும்? இங்கேதான் ஸ்வாந்தே அர்ரீனியஸ் வருகிறார். ஸ்வீடன்காரர். வெப்பநிலை ஏற ஏற வேதிவினை எந்தக் கணக்கில் வேகமெடுக்கிறது என்பதை 1889இல் ஒரு சமன்பாட்டுக்குள் அடக்கினார். மருந்துக் கம்பெனிகள் இன்றைக்கும் அதை வைத்துத்தான் பிழைக்கின்றன. பத்து டிகிரி கூடினால் வேகம் சுமார் இரண்டு மடங்கு என்பது அதன் கைக்கணக்கு வடிவம். துல்லியமானதல்ல, ஆனால் அடுப்பங்கரைக்குப் போதும். அட்டையில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதிக்கு முதல் அடித்தளமும் இதுதான். புது மருந்து ஒன்றை இரண்டு வருஷம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விற்பது என்றால் கம்பெனி தாங்காது. அதனால் 40 டிகிரி சூடும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் ஆறு மாதம் வைத்து வதைத்துப் பார்ப்பார்கள். அதே நேரத்தில் சாதாரணச் சூழலிலும் ஒரு பங்கு வருஷக்கணக்கில் காத்துக்கொண்டிருக்கும். இரண்டிலும் மாத்திரைகள் கிடப்பது அட்டைக்குள். எவர்சில்வர் டப்பாவுக்கு யாரும் தேதி போட்டுத் தரவில்லை. (ஸ்கூட்டி டிக்கியில் மாத்திரை வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் சுற்றுகிறவர்களும் இந்தப் பத்தியை இன்னொரு தரம் படிக்கலாம்.)

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்துக்கும் இதே தொல்லை இருந்தது. முதலில் அதில் சோடியம் பைகார்பனேட் சேர்த்தார்கள். வெக்கையும் ஈரமும் உள்ள ஊர்களில் அது குளுக்கோஸோடு சேர்ந்து பொடியைப் பழுப்பாக்கியது. அதிகம் தேவைப்பட்டதும் அந்த ஊர்களில்தான். 1984இல் பைகார்பனேட்டை எடுத்துவிட்டு டிரைசோடியம் சிட்ரேட்டுக்கு மாறினார்கள். குழந்தையின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் போலவே, பொட்டலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதும் முக்கியம் என்று உணர்ந்த இடம் அது.

கல்லூரியில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பாடம் உண்டு. ஃபிசிக்கல் ஃபார்மசூட்டிக்ஸ். இயற்பிய வேதியியலை மருந்தின் மேல் ஏவிவிடுவது என்று சொல்லலாம். எங்கள் வகுப்பில் அரியர் விழுகிற பாடங்களில் முதலிடம் அதற்குத்தான். ஆல்ஃபிரட் மார்ட்டின் எழுதிய தலையணை தடிமன் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடு. செய்முறை வகுப்பில் ஃபீனாலையும் தண்ணீரையும் கலந்து சூடாக்குவோம். 66 டிகிரிக்குப் பக்கத்தில் கலங்கல் சட்டென்று மறைந்து கண்ணாடிபோல் தெளியும், ஆறினால் மறுபடி பால்போல் கலங்கும். பார்க்க அழகு. ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. பொடியைப் புனல் வழியே கொட்டி, குவியலின் சரிவுக் கோணத்தை அளப்போம். “நெல்லுக் குவிக்கிறதை அளக்கவா நாலு வருஷம் படிக்கிறோம்?” என்று என் கூடப் படித்த தஞ்சாவூர்க்காரி கேட்பாள். பொடி சீராக வழியாவிட்டால் இயந்திரத்தின் அச்சுக்குழியில் ஒரு தடவை கூடவும் ஒரு தடவை குறையவும் விழும், மாத்திரைக்கு மாத்திரை மருந்தின் அளவு மாறும் என்பது வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது.

வேலையில் எனக்குக் கொடுத்தது டிஸ்சொல்யூஷன் இயந்திரம். உருண்டை அடிப்பாகம் கொண்ட ஆறு கண்ணாடிப் பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 900 மில்லி திரவம், 37 டிகிரி சூடு. அதாவது உடம்புச் சூடு. மாத்திரையைப் போட்டதும் துடுப்பு நிமிஷத்துக்கு 50 சுற்று என்று நிதானமாகச் சுற்றும். குறித்த நேரத்தில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். திரவத்தில் கரைந்திருக்கும் காற்றை முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் குமிழிகள் மாத்திரையில் ஒட்டிக்கொண்டு எண்ணெய்ச் சட்டியில் வடைபோல் அதை மேலே தூக்கிவிடும். அப்புறம் கணக்கெல்லாம் கோணல்.

இந்தச் சோதனைக்கு வித்திட்டவர்கள் இருவர். அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த ஆர்தர் நாய்ஸ், வில்லிஸ் விட்னி. 1897இல் பென்சாயிக் அமிலத்தையும் ஈயக் குளோரைடையும் தண்ணீரில் சுழலவிட்டு, எவ்வளவு வேகத்தில் கரைகின்றன என்று பார்த்தார்கள். மருந்தைப் பற்றிய நினைப்பே அவர்களுக்கு இல்லை. திடப்பொருளை ஒட்டி மெல்லிய படலமாக நிற்கும் திரவம் உடனே தெவிட்டிவிடுகிறது, அங்கிருந்து வெளியே பரவுகிற வேகம்தான் கரைகிற வேகம் என்பது அவர்கள் கண்டதன் சாரம். பரப்பளவு கூடினால் வேகம் கூடும் என்பது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. கல்கண்டும் சர்க்கரையும் ஒரே பொருள்தான். ஆனாலும் அவசரத்துக்குக் காப்பியில் யாரும் கல்கண்டு போடுவதில்லை. படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபல்வின் தண்ணீரில் லேசில் கரையாது. அதையே மிக நுண்ணிய பொடியாக அரைத்துக் கொடுத்ததும் பாதி அளவே போதும் என்றானது. மூலக்கூறில் ஒரு அணுவையும் யாரும் மாற்றவில்லை, அரைத்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் தொழிற்சாலையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் ராத்திரி ஷிப்டில் செய்த பேட்ச், காலையில் என் இயந்திரத்தில் விழுந்தது. அரைமணி ஆகியும் மாத்திரைகள் அடியில் சோம்பிக் கிடந்தன. அதே மருந்து, அதே எடை. நான்தான் ஏதோ தப்பு செய்தேன் என்று திட்டு வாங்கி, திரும்பச் செய்தும் அதே கதை. கடைசியில் கண்டுபிடித்தார்கள். மாத்திரை அச்சில் ஒட்டாமல் இருக்க மெக்னீசியம் ஸ்டியரேட் என்ற வழவழப்பான பொடியை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகச் சேர்ப்பார்கள். ஐந்து நிமிஷம் கலக்க வேண்டியதை அன்றைக்கு யாரோ நிறுத்த மறந்து அரைமணி சுற்றவிட்டிருக்கிறார்கள். அது ஒவ்வொரு குருணைமேலும் மெழுகுபோல் பூசிக்கொண்டது. தாமரை இலையில் தண்ணீர் நிற்குமா? மொத்த பேட்சும் குப்பைக்குப் போனது. தொடுகோணம் என்று படிப்பில் ஒரு அத்தியாயம் வருமே, அதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

சரி, இதெல்லாம் சில்லறைக் கதை. இந்தத் துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசுகிற கதை ஒன்று உண்டு. ரிடோனவிர்.

எச்ஐவிக்கான மருந்து. அமெரிக்காவின் அபாட் நிறுவனம் உருவாக்கியது, 1996இல் விற்பனைக்கு வந்தது. எய்ட்ஸ் என்றால் சாவுதான் என்றிருந்த நிலையை மாற்றிய மருந்துகளில் ஒன்று. ரிடோனவிரைத் திடமாகக் கொடுத்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளாது. அதனால் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த ஊடகத்தில் கரைத்துக் கேப்சூலில் அடைத்தார்கள், கூடவே குடிக்கும் திரவமாகவும் விற்றார்கள். கரைந்துதானே இருக்கிறது, அது எந்தப் படிக வடிவில் இருந்தால் நமக்கென்ன என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. தெரிந்திருந்ததும் ஒரே ஒரு படிக வடிவம்தான். 240 பேட்ச் கேப்சூல்கள் சிக்கலே இல்லாமல் வெளியே போயின.

1998 நடுவில் சில பேட்சுகள் டிஸ்சொல்யூஷனில் தோற்றன. என்னைப் போல எத்தனை பேர் அங்கே திட்டு வாங்கினார்களோ. கேப்சூலுக்குள் இருந்ததை நுண்ணோக்கியில் பார்த்தார்கள், எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். கரைந்து கிடக்க வேண்டிய மருந்து படிகமாக இறங்கியிருந்தது, அதுவும் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு படிக வடிவத்தில்.

மார்கழியில் வாசலில் வைக்கும் புள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதே புள்ளிகளை அம்மா ஒரு விதமாக இணைத்தால் தாமரை, எதிர்வீட்டு அக்கா இணைத்தால் தேர். படிகமும் அப்படித்தான். மூலக்கூறு அதே மூலக்கூறு, ஒன்றோடொன்று கைகோர்க்கும் விதம் வேறு. புதிய வடிவத்தில் ரிடோனவிர் தன் உடலை ஓரிடத்தில் வேறுமாதிரி முறுக்கிக்கொண்டு, பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளை இன்னும் இறுக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தது. இறுக்கம் கூடினால் ஆற்றல் குறைவு, நிலைத்தன்மை அதிகம், கரைதிறன் குறைவு. பழைய வடிவத்தின் கணக்கில் தெவிட்டாத கரைசல், புது வடிவத்தின் கணக்கில் பல மடங்கு மீதெவிட்டிய கரைசல். ஜாமூன் பாகு அடுப்பை விட்டு இறக்கியபின் தெளிவாகத்தான் இருக்கும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரைத் துணுக்கு ஒன்று விழுந்தால் போதும், காலையில் பார்த்தால் பாகு முழுக்கப் பூத்துப்போயிருக்கும்.

அந்த ஒரு துணுக்குதான் பிரச்சினை. பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, புதுப் படிகத்தின் கண்ணுக்குத் தெரியாத பொடி பட்ட இடமெல்லாம் மருந்து அந்த வடிவத்துக்குச் சாய ஆரம்பித்தது. ஆலையில் பழைய வடிவத்தைச் செய்யவே முடியாமல் போனது. என்னைத் தூங்கவிடாத விஷயம் அடுத்தது. மூலப்பொருளைச் செய்துகொண்டிருந்த இத்தாலி ஆலையில் அதுவரை தொந்தரவு இல்லை. புது வடிவத்தைக் கையாண்ட அமெரிக்கக் குழு ஒன்று என்னவென்று பார்க்க அங்கே போனது. அதன் பிறகு இத்தாலியிலும் புது வடிவம் தலைகாட்டியது. உடையிலோ தலைமுடியிலோ ஒட்டிப் போயிருக்கலாம் என்பது அனுமானம். அம்மை வார்த்த வீட்டுக்குப் போய்வந்த கதைதான்.

கேப்சூலைச் சந்தையிலிருந்து விலக்கினார்கள். நோயாளிகள் திரவ மருந்துக்கு மாற வேண்டியிருந்தது. அதில் 40 விழுக்காட்டுக்குமேல் ஆல்கஹால், சுவையோ வாயில் வைக்க முடியாதது. தினம் இரண்டு வேளை அதைக் குடித்தால்தான் உயிர் என்றிருந்தவர்கள் அவர்கள். கம்பெனியின் நஷ்டத்தைப் பற்றித்தான் பாடங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கசப்புதான் நினைவுக்கு வரும். 1999இல் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டிய மென்கேப்சூல் வந்தது. மின்சாரம் நிலையாக இல்லாத ஊர்களில் எச்ஐவி மருந்தை ஃபிரிட்ஜில் வை என்றால் எங்கே போவார்கள்?

அதற்கும் விடை இயற்பிய வேதியியலிலேயே இருந்தது. படிகமே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். மருந்தையும் ஒரு பாலிமரையும் சேர்த்து உருக்கி, முறுக்குப் பிழிவதுபோல் பிழிந்து ஆறவிட்டால், மூலக்கூறுகள் வரிசைகட்ட நேரமில்லாமல் கலைந்த கோலத்திலேயே உறைந்துவிடும். கண்ணாடி நிலை. பஞ்சுமிட்டாய் இதே வித்தைதான். அது படிகமற்ற சர்க்கரை, அதனால்தான் நாக்கில் வைத்த நொடியில் காணாமல் போகிறது. மழைநாளில் வெளியே வைத்தால் பிசுபிசுத்துச் சுருங்குவதும் அதனால்தான். மருந்தில் அந்தச் சுருக்கத்தைத் தடுத்துப் பிடித்துக்கொள்வது பாலிமரின் வேலை. 2010இல் ஃபிரிட்ஜ் தேவைப்படாத ரிடோனவிர் மாத்திரை வந்தது. கோவிட் சமயத்தில் பாக்ஸ்லோவிட் என்று ஒரு பெயர் அடிபட்டதே, அதில் இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று நிர்மாட்ரெல்விர், அது உடம்பில் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கிற மற்றொன்று நம் ரிடோனவிர்.

ரிடோனவிராவது மருந்தே உருமாறிய கதை. மருந்தைத் தொடாமலே கதை கெட்டதும் உண்டு. 1968இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வலிப்புக்காக ஃபெனிடாயின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பலர் தள்ளாட ஆரம்பித்தார்கள், பார்வை இரட்டையாகத் தெரிந்தது. அளவு கூடிவிட்டதற்கான அறிகுறிகள். ஆனால் யாரும் அளவைக் கூட்டவில்லை. கேப்சூலில் மருந்தோடு இட்டு நிரப்பும் பொடி, அதுவரை கால்சியம் சல்ஃபேட்டாக இருந்தது, லாக்டோஸாக மாறியிருந்தது. பாலில் இருக்கும் சர்க்கரைதான் லாக்டோஸ், ஒன்றும் செய்யாத பொருள். கால்சியம் சல்ஃபேட் இருந்தபோது மருந்தில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போய்க்கொண்டிருந்தது. மருத்துவர்களும் அதற்கேற்ற அளவை அறியாமலே கொடுத்துவந்தார்கள். லாக்டோஸ் வந்ததும் கூடுதலாகச் சேர்ந்தது. ஃபெனிடாயினில் இன்னொரு வம்பும் உண்டு. ஈரலால் அதைச் சமாளிக்க ஓரளவுக்குத்தான் முடியும். அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலே இரத்தத்தில் அளவு தாறுமாறாக ஏறும்.

இதனால்தான் ஒரே பெயரில் பத்துக் கம்பெனி மாத்திரை செய்யும்போது, எல்லாம் இரத்தத்தில் ஒரே மாதிரி போய்ச் சேருகின்றனவா என்று ஆட்களிடம் சோதித்துக் காட்டச் சொல்கிறார்கள். இந்தியாவில் தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு இதை 2017இல்தான் கட்டாயமாக்கினார்கள். என்னைக் கேட்டால், ரொம்பத் தாமதம். அதற்காக மலிவு மாத்திரை என்றாலே மட்டம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பாராசிட்டமாலில் கம்பெனி மாறினால் ஒன்றும் குடிமுழுகாது. வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை மாதிரி நூல்மேல் நடக்கிற மருந்துகளில்தான் கண் வேண்டும்.

பதிவை இதோடு முடித்து வைத்திருந்தேன். நேற்று ராத்திரி அம்மா போன் செய்து, எதிர்வீட்டு அக்கா பேச வேண்டுமாம் என்று கொடுத்தார். அக்காவின் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்புக்கு ஃபெனிடாயின். இந்த மாதம் கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நாலைந்து நாளாகப் பையனுக்குத் தலை கிறுகிறுக்கிறதாம்.

“பேரு ஒண்ணுதான்னு கடைக்காரர் சொன்னார்மா.”

“பேரு ஒண்ணுதான் அக்கா. இருந்தாலும் காலையில முதல் வேலையா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நீங்களா நிறுத்திடாதீங்க. ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு டெஸ்ட் இருக்கு, பார்ப்பாங்க. போகும்போது பழைய அட்டை, புது அட்டை ரெண்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க, எந்தக் கம்பெனின்னு அவங்களுக்குத் தெரியணும்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அட்டை இல்லையேம்மா. உங்கம்மாவைப் பார்த்துத்தான் நானும் டப்பா வாங்கினேன்.”